நல்ல துப்பாக்கி வைத்திருந்தும் பிரான்ஸ் தோற்றது ஏன்? கிரிமியா முதல் செடான் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1866இல் ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யா ஏழே வாரத்தில் ஆஸ்திரியாவை வீழ்த்தியபோது, ஊசித் துப்பாக்கிதான் காரணம் என்று ஐரோப்பா முழுக்கப் பேசிக்கொண்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, வயதாகிவிட்ட அதே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போன பிரஷ்யா, அதைவிட இரு மடங்கு தூரம் சுடும் ஆயுதம் வைத்திருந்த பிரான்ஸையும் வீழ்த்தியது. வாசகர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த முரணைச் சுற்றியே வருகின்றன.

1850க்கு முன் காலாட்படை வீரன் எப்படிச் சுட்டான்?

நின்றுகொண்டு. குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் படுத்துக்கொண்டு நிரப்புவது மிகவும் சிரமம். காகிதத் தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். வெடிமருந்தைக் குழலுக்குள் கொட்ட வேண்டும். ஈயக் குண்டைப் போட்டு இரும்புக் கோலால் இடித்து இறக்க வேண்டும். கோலை உருவி அதன் இடத்தில் செருக வேண்டும். தீப்பொறி தரும் கேப்பு வைத்து, சுத்தியலை இழுத்து, குறி பார்த்துச் சுட வேண்டும். நன்றாகப் பழகியவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். பதற்றத்தில் கோலை உருவ மறந்து, குண்டோடு கோலையும் சேர்த்துச் சுட்டவர்கள் எல்லாப் படைகளிலும் உண்டு. அதன் பிறகு அந்தத் துப்பாக்கி வெறும் ஈட்டிக் கம்பு.

பிரிட்டிஷ் மஸ்கெட்டின் குழல் விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர், குண்டோ 17.5 மில்லிமீட்டர்தான். சுடச் சுடக் குழலில் கரி படிவதால், குண்டு எளிதாக இறங்க இந்த இடைவெளி தேவைப்பட்டது. விளைவு, குண்டு குழலின் சுவரில் மோதி மோதி வெளியேறியது. 100 கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைப்பது வீண் வேலை. அதனால்தான் தோளோடு தோள் நிற்கும் வரிசைகள். தனித்தனியே தவறும் குண்டுகள் மொத்தமாகச் சேர்ந்தால் சில படும் என்பதே கணக்கு.

மினியே குண்டு இதில் எதை மாற்றியது?

குழலுக்குள் திருகு போன்ற வரிகளை, அதாவது புரி வெட்டினால் குண்டு சுழன்று நேராகப் போகும் என்பது வேட்டைக்காரர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் புரியில் கவ்வ வேண்டுமென்றால் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான குண்டை வாய் வழியாக அடித்து இறக்க நெடுநேரம் ஆகும். பிரெஞ்சு அதிகாரி க்ளோத் எத்தியேன் மினியே 1840களின் கடைசியில் இதற்கு வழி சொன்னார். குண்டு கூம்பு வடிவில், குழலைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். அடிப்பகுதி குழிவாக இருக்கும். அந்தக் குழிக்குள் ஒரு சிறு இரும்புக் கிண்ணம். மருந்து வெடித்ததும் கிண்ணம் முன்னோக்கித் தள்ளப்பட்டு ஈயத்தின் ஓரங்களை விரிக்க, அவை புரியில் போய்க் கவ்விக்கொள்ளும். நிரப்பும்போது தளர்வு, சுடும்போது இறுக்கம்.

கோளாறுகளும் இருந்தன. சில சமயம் கிண்ணம் குண்டையே துளைத்துக்கொண்டு போய்விடும். ஈய வளையம் ஒன்று குழலுக்குள் ஒட்டி நின்றுவிடும். 1853ஆம் ஆண்டு மாதிரியான பிரிட்டிஷ் என்ஃபீல்டின் குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். இந்தியாவின் வெயிலில் கரி காய்ந்து இறுகி, அந்த இடைவெளி போதாமல் போனது. பிறகு குண்டை 0.55 அங்குலமாகக் குறைத்து, அடியில் மரத்தாலான சிறு அடைப்பு வைத்தார்கள்.

கிரிமியப் போரின் முடிவை மினியே துப்பாக்கியா தீர்மானித்தது?

கருங்கடலின் கிரிமியத் தீபகற்பத்தில் பிரிட்டனும் பிரான்ஸும் ரஷ்யாவோடு மோதிய போர் அது. களத்தில் மினியேவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1854 செப்டம்பர் 20 ஆல்மாவிலும், நவம்பர் 5 இங்கர்மனிலும் ரஷ்யர்கள் நெருக்கமான பத்திகளாக வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கையில் புரியில்லாத மஸ்கெட். எதிரே பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள், ரஷ்யர்களின் குண்டு எட்டாத தூரத்தில் நின்று அவர்களைச் சுட்டன.

ஆனால் போரை இழுத்தடித்ததும் முடித்துவைத்ததும் போக்குவரத்து. மாஸ்கோவுக்குத் தெற்கே ரஷ்யாவில் ரயில் கிடையாது. முற்றுகையில் இருந்த ரஷ்யத் துறைமுகக் கோட்டை செவஸ்தபோலுக்குப் போன ஒவ்வொரு மூட்டையும் மாட்டு வண்டியில் சேற்றுப் பாதையில் போனது. பிரிட்டனுக்கும் இதே நோய் வேறு உருவில் வந்தது. பலாக்லவா துறைமுகத்திலிருந்து முற்றுகை முகாம் சில மைல்தான், ஆனால் குளிர்காலத்தில் அந்தச் சில மைலைக் கடக்க முடியவில்லை. நவம்பர் 14 புயலில் ‘பிரின்ஸ்’ கப்பல் குளிர் உடைகளோடு மூழ்கியது. குண்டடிபட்டு இறந்தவர்களைப் போலப் பல மடங்கு பேர் வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் குளிரிலும் இறந்தார்கள். 1855 பிப்ரவரியில் பீட்டோ, பிராஸி, பெட்ஸ் ஆகிய ஒப்பந்தக்காரர்கள் தண்டவாளம் போடத் தொடங்கி, சுமார் ஏழு வாரத்தில் ஏழு மைல் பாதையை முகாம் வரை கொண்டுபோனார்கள். அதன் பிறகுதான் கனத்த குண்டுகள் முற்றுகைப் பீரங்கிகளுக்குத் தட்டுப்பாடின்றி ஏறின. ஏப்ரலில் கருங்கடலுக்கு அடியில் தந்திக் கம்பியும் வந்தது. தளபதிகளுக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. பாரிஸிலிருந்து பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தினமும் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

புரியுள்ள துப்பாக்கி வைத்திருந்தும் 1859இல் ஆஸ்திரியா தோற்றது எப்படி?

ஆஸ்திரியாவின் லோரன்ஸ் துப்பாக்கி நல்ல ஆயுதம்தான். ஆனால் அந்தக் காலக் கனத்த, மெதுவான குண்டுகள் நேர்க்கோட்டில் போகாது; வளைந்து ஏறி இறங்கும். தூரத்துக்கு ஏற்ப உயர்த்தித் தாழ்த்தும் குறிமுள்ளை 300 கஜத்துக்கு வைத்துவிட்டு, எதிரி 150 கஜத்தில் இருந்தால் குண்டு தலைக்கு மேலே போய்விடும். ஆகவே தூரத்தைக் கண்ணால் மதிப்பிடும் பயிற்சி இல்லாதவன் கையில் இந்தத் துப்பாக்கி பாதிப் பயன்கூடத் தராது. செலவைப் பார்த்து, ஆஸ்திரியா அந்தப் பயிற்சிக்குப் போதிய தோட்டா கொடுக்கவில்லை. வட இத்தாலியின் மஜென்டாவிலும் சோல்ஃபெரினோவிலும் பிரெஞ்சுக்காரர்கள் குண்டுகளுக்கு அடியில் ஓடி வந்து, துப்பாக்கி முனை ஈட்டியால் குத்தினார்கள்.

இதில் ஆஸ்திரியா கற்றது தவறான பாடம். சுடுவதால் பயனில்லை, பாய்ந்து குத்துவதே வழி என்று முடிவு கட்டி, அடர்ந்த பத்திகளாக ஓடும் உத்தியை விதியாக்கியது. அந்த உத்திக்கு மிக மோசமான எதிரியைத்தான் 1866இல் சந்தித்தது.

ஊசித் துப்பாக்கி எப்படி வேலை செய்தது?

ஸொமர்டாவைச் சேர்ந்த யோஹான் நிகோலாஸ் ட்ரைசே வடிவமைத்தது. பிரஷ்யா 1841இல் ஏற்றது. குழல் விட்டம் 15.4 மில்லிமீட்டர். தோட்டா பின்பக்கமாக நுழையும். கதவுத் தாழ்ப்பாள் போலத் தள்ளித் திருப்பினால் அடைபடும் போல்ட் அதன் பின்னே நிற்கும்.

தோட்டாவின் உள்ளமைப்புதான் இதில் விசேஷம். முன்னால் சுமார் 31 கிராம் எடையுள்ள முட்டை வடிவ ஈயக் குண்டு. அதைத் தாங்கி நிற்கும் காகிதக் கூழ்க் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் தீப்பொறி மருந்து. அதற்கும் பின்னால் கருமருந்து. எல்லாவற்றையும் சுற்றிக் காகிதம். புரியைக் கவ்வுவது கிண்ணம்தான், குண்டு குழலைத் தொடுவதே இல்லை. விசையை அழுத்தினால் நீளமான ஊசி ஒன்று காகிதத்தைத் துளைத்து, கருமருந்து முழுவதையும் ஊடுருவி, கிண்ணத்தின் அடியில் உள்ள தீப்பொறி மருந்தைக் குத்தும்.

சுடும் முறை: பின்னால் உள்ள ஊசிக் கூட்டை இழுத்துத் தளர்த்து, போல்ட் கைப்பிடியைத் தட்டித் தூக்கிப் பின்னுக்கு இழு, தோட்டாவை வை, போல்ட்டைத் தள்ளித் திருப்பு, ஊசிக் கூட்டை முன்னே அழுத்து, சுடு. நிமிடத்துக்கு ஐந்தாறு முறை தாராளமாகச் சுடலாம். இதைவிட முக்கியம், குப்புறப் படுத்துக்கொண்டே நிரப்பலாம். மண்ணோடு மண்ணாகக் கிடப்பவனை நின்று சுடுபவன் எப்படிக் குறிவைப்பான்?

அதன் கோளாறுகள் என்ன?

வெடிக்கும் நேரத்தில் ஊசி நெருப்புக்கு நடுவே நிற்கிறது. அதனால் அரித்து, நுனி மழுங்கி, ஒடியும். ஒவ்வொரு வீரனிடமும் உதிரி ஊசி இருக்கும். கருவி எதுவும் இல்லாமல் களத்திலேயே மாற்றலாம். இது சமாளிக்கக் கூடிய குறை.

சமாளிக்க முடியாத குறை வாயுக் கசிவு. போல்ட்டும் குழலும் உலோகத்தோடு உலோகமாகத்தான் பொருந்தின. தேயத் தேய இடுக்கு வழியே சூடான வாயு பீறிடும். முகத்தில் அடிக்கும் என்று பயந்து பலர் தோளில் வைக்காமல் இடுப்பருகே பிடித்துச் சுட்டார்கள். கசிவால் குண்டின் வேகமும் குறைந்தது. குறிமுள் சுமார் 600 மீட்டர் வரைதான் காட்டியது, நம்பிச் சுடக் கூடிய தூரம் அதைவிடக் குறைவு.

அப்படியானால் 1841க்கும் 1866க்கும் நடுவில் மற்ற நாடுகள் ஏன் இதை எடுத்துக்கொள்ளவில்லை?

ரகசியம் ஒரு காரணமே அல்ல. 1849இல் ஜெர்மன் நகரக் கலகங்களை அடக்க இது பயன்பட்டது. 1864இல் டென்மார்க்கோடு நடந்த போரில் லுண்ட்பி என்ற ஊரில், ஈட்டியோடு பாய்ந்த ஒரு டேனியக் கம்பெனி சில நிமிடங்களில் பாதிப் பேரை இழந்தது. பார்த்தவர்கள் பார்த்தார்கள். அவர்களுடைய தயக்கத்துக்கு நியாயமும் இருந்தது: மினியே, லோரன்ஸ் வகைகள் இதைவிடத் தொலைவாகவும் துல்லியமாகவும் சுட்டன, ஊசி உடைந்தது, வேகமாகச் சுடுபவன் தோட்டாவை விரயம் செய்வான், யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற கேள்வியும் இருந்தது. பிரஷ்யாவும் தன் படை முழுவதற்கும் இதைக் கொடுத்து முடிக்க இருபது ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டுகளில் அது செய்த வேறொரு காரியம்தான் கவனிக்கத்தக்கது: ஒவ்வொரு வீரனையும் தோட்டா கொடுத்துச் சுட வைத்தது, யார் எவ்வளவு சுட்டான் என்று கணக்கு எழுதியது, மட்டுமீறிச் சுடாமல் இருக்கவும் பழக்கியது.

1866 வெற்றிக்குத் துப்பாக்கி காரணமா, ரயில் காரணமா?

சிறு மோதல்களில் துப்பாக்கி. ஜூன் 27 ட்ராவ்டெனாவில் ஆஸ்திரியர்கள்தான் வென்றார்கள். ஆனால் வென்ற பக்கத்தில் சேதம் ஏறத்தாழ 4,800 பேர், தோற்ற பிரஷ்யர்களுக்கு 1,300 பேர் அளவில். அந்தப் போரில் ஆஸ்திரியாவுக்குக் கிடைத்த நல்ல செய்தியே இந்த மாதிரி இருந்தது.

படைகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தது ரயில். எல்லைக்குப் போக பிரஷ்யாவிடம் ஐந்து பாதைகள். வியன்னாவிலிருந்து வடக்கே ஆஸ்திரியாவுக்கு ஒன்றே ஒன்று. ஐந்து பாதைகளில் 21 நாளில் சுமார் 1,97,000 பேரும் 55,000 குதிரைகளும் போனார்கள். பாதைகள் ஐந்து என்பதால் படைகளும் ஒரு நீண்ட வளைவாகச் சிதறி இறங்கின. பிரஷ்யப் படைத் தலைமையகத்தின் தலைவர் மோல்ட்கே அந்தச் சிதறலையே உத்தியாக்கினார்: தனித்தனியே நடந்து, போர்க்களத்தில் ஒன்றுசேர்வது. ஜூலை 3 கோனிக்ரேட்ஸில் முதல் படையும் எல்பே படையும் காலை முழுக்க ஆஸ்திரியப் பீரங்கிகளிடம் அடி வாங்கின. பட்டத்து இளவரசரின் இரண்டாம் படை பிற்பகலில் வடக்கிலிருந்து வந்து விலாவில் இடித்ததும் கதை முடிந்தது. ‘வா’ என்ற கட்டளை அவருக்குப் போனது தந்தியில் அல்ல, இரவு முழுக்கக் குதிரையில் போன ஓர் அதிகாரியின் கையில். ஆஸ்திரியத் தரப்புக்குச் சேதம் சுமார் 44,000, அதில் பாதியளவு கைதிகள். பிரஷ்யாவுக்குச் சுமார் 9,000.

ரயிலை ரொம்பவும் புகழ வேண்டாம். படைகள் இறங்கி நடக்கத் தொடங்கியதும் ரயில் பின்தங்கிவிட்டது. ட்ரெஸ்டன்–பிராக் பாதையைக் கோனிக்ஸ்டைன் கோட்டை அடைத்து நின்றது. இறக்குவதற்கு ஆளும் மேடையும் வண்டியும் இல்லாமல் நிலையங்களில் ஆயிரக்கணக்கான டன் சரக்கு தேங்கி, ரொட்டி பூசணம் பிடித்தது. அதற்கு முன்னால் போன வீரர்கள் பொஹீமிய விவசாயிகளின் களஞ்சியத்தைக் காலி செய்து சாப்பிட்டார்கள்.

பிரான்ஸின் ஷாஸ்போ எந்த வகையில் மேல்?

1866இல் ஏற்ற ஷாஸ்போவின் குழல் 11 மில்லிமீட்டர்தான். குண்டு சிறிது, சுமார் 25 கிராம். மருந்து அதிகம், சுமார் 5.6 கிராம். ஆகவே வேகம் கூடி, பாதை தட்டையாகி, குறிமுள் 1,200 மீட்டர் வரை போனது. தீப்பொறி மருந்தைத் தோட்டாவின் அடிப்பக்கத்துக்கே கொண்டுவந்ததால் ஊசி குட்டையானது. போல்ட்டின் தலையில் ஒரு ரப்பர் வளையம். வெடிக்கும்போது அது நசுங்கி விரிந்து இடுக்கை அடைக்கும். ட்ரைசேயின் பெரிய குறை தீர்ந்தது, தோளில் வைத்துத் தைரியமாகச் சுடலாம். ரப்பர் மட்டும் சூட்டிலும் கரியிலும் கெட்டியாகி விரிசல் விடும், அடிக்கடி மாற்ற வேண்டும். காகிதமும் துணியும் முழுதாக எரியாமல் அறைக்குள் மிஞ்சி, அடுத்த தோட்டா நுழையாமல் முரண்டு பிடிப்பதும் உண்டு.

1870க்குள் சுமார் பத்து லட்சம் துப்பாக்கிகள் தயார். தொழிற்சாலை தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு ஏன் 1870இல் தோற்றார்கள்?

முதலில், ஆள் சேர்ப்பு. பிரஷ்யாவில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு வட்டாரம். சேமப்படை வீரனுக்கு ஓலை வந்தால் பக்கத்து ஊர்க் கிடங்குக்குப் போய், உடுப்பும் துப்பாக்கியும் வாங்கி, தெரிந்த முகங்களோடு ரயில் ஏறுவான். எந்த வண்டி எந்த மணிக்கு எங்கே நிற்கும் என்ற அட்டவணையைப் படைத் தலைமையகத்தின் ரயில் பிரிவு முன்பே எழுதி வைத்திருந்தது. 18 நாளில் சுமார் 4,60,000 பேர் எல்லையில் இருந்தார்கள். பிரான்ஸில் ரெஜிமென்ட் ஓர் இடம், அதன் கிடங்கு நாட்டின் மறுகோடி. வடக்கு பிரான்ஸில் வாழும், ஸுவாவ் என்ற அல்ஜீரியக் காலாட்படைப் பிரிவின் சேமப்படை வீரன் கடல் தாண்டி அல்ஜீரியா போய் உடுப்பு வாங்கிக்கொண்டு, திரும்ப எல்லைக்கு வர வேண்டும். பெல்ஃபோருக்கு வந்து இறங்கிய ஒரு ஜெனரல், என் பிரிகேடையும் காணோம், மேல் அதிகாரியையும் காணோம், ரெஜிமென்ட்கள் எங்கே என்றும் தெரியவில்லை, என்ன செய்வது என்று பாரிஸுக்குத் தந்தி அடித்தார். மெட்ஸ் நிலையத்தில் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் சரக்கு வண்டிகள் அடைத்து நின்றன.

இரண்டாவது, பீரங்கி. 1866இல் ஆஸ்திரியப் பீரங்கியிடம் பட்ட அடியைப் பிரஷ்யா மறக்கவில்லை. 1870இல் அதனிடம் இருந்தவை ஜெர்மன் தொழிலதிபர் க்ருப் செய்த, பின்பக்கம் நிரப்பும் எஃகுப் பீரங்கிகள். குண்டு தரையில் மோதியவுடன் அதை வெடிக்க வைக்கும் ஃப்யூஸ் (பற்றவைக்கும் அமைப்பு). பிரான்ஸிடம் இருந்தது 1858ஆம் ஆண்டின் வெண்கல, வாய் வழி நிரப்பும் வகை. அதன் நேர ஃப்யூஸில் இரண்டே இரண்டு தூரங்கள். நடுவில் நிற்பவன் ஓரளவு நிம்மதியாக நிற்கலாம். மோதி வெடிக்கும் வகையும் குறையற்றதல்ல, சேற்று நிலத்தில் புதைந்து வீணாகும். ஆனாலும் தூரம், துல்லியம், வேகம் மூன்றிலும் அதுவே மேல்.

மூன்றாவது, மித்ரையூஸ். 25 குழல்கள், கைப்பிடியைச் சுழற்றினால் தோட்டா மழை. ரகசியம் காக்கிறோம் என்று படைக்குச் சரியாகக் காட்டவே இல்லை. பீரங்கி வண்டி மாதிரி சக்கரத்தில் இருந்ததால் பீரங்கிகளோடு வரிசையில் நிறுத்தினார்கள். க்ருப் பீரங்கிகள் எட்டாத தூரத்திலிருந்து அதை உடைத்தன. காலாட்படைக்குப் பக்கத்தில் நெருங்கிய தூரத்துக்கு வைத்திருந்தால் பயன்பட்டிருக்கும்.

ஷாஸ்போ தன் திறமையைக் காட்டாமல் இல்லை. ஆகஸ்ட் 18 சென் ப்ரிவாவில், திறந்த சரிவில் ஏறிய பிரஷ்யக் காவல்படை அரை மணி நேர அளவில் சுமார் 8,000 பேரை இழந்தது; அவர்கள் திருப்பிச் சுடும் தூரத்துக்கு வரும் முன்பே அதில் பெரும்பங்கு போய்விட்டது. மாலையில் சாக்ஸன் படையும் பீரங்கிகளும் சேர்ந்து கிராமத்தை நொறுக்கிய பிறகே இடம் விழுந்தது. பிரெஞ்சுத் தளபதி பஸேன் தன் சேமப்படையை அனுப்பவில்லை. மெட்ஸ் கோட்டைக்குள் போய் உட்கார்ந்து, அக்டோபர் 27இல் சரணடைந்தார். அதற்குள் செப்டம்பர் 2ஆம் தேதியே செடானில், சுற்றிலும் மேட்டில் நின்ற சுமார் 500 பீரங்கிகளுக்கு நடுவே சிக்கி, பேரரசரோடு ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கைதாகியிருந்தார்கள்.

எஃகு எப்போது, எப்படி இதற்குள் வந்தது?

கிரிமியப் போர் வழியாக. சுழலும் கனத்த பீரங்கிக் குண்டு ஒன்றை ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் ஹென்றி பெஸ்ஸமர் வடிவமைத்து, வின்சென் கோட்டையில் பிரெஞ்சு அதிகாரிகளுக்குச் சுட்டுக் காட்டினார். குண்டு சரி, இதைத் தாங்கும் பீரங்கி உண்டா என்று அங்கே கேட்டவர் அதே மினியே. அந்தக் கேள்வியின் பின்னால் போன பெஸ்ஸமர், 1856இல் உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதி எஃகு செய்யும் முறையை அறிவித்தார். பல டன் எஃகு இருபது நிமிட அளவில் தயார்.

உரிமம் வாங்கியவர்கள் செய்தபோது எஃகு நொறுங்கியது. அவர்களுடைய தாதுவில் பாஸ்பரஸ் இருந்தது. ஊதும் காற்றால் அது போகாது. பாஸ்பரஸ் குறைந்த தாது, பிறகு மஷெட் என்ற உலோக வல்லுநரின் மாங்கனீசு கலப்பு என்று படிப்படியாகச் சரியானது. பாஸ்பரஸ் மிகுந்த தாதுவுக்கு வழி பிறந்தது 1878–79இல், கொப்பரையின் உட்சுவருக்கு டோலமைட் பூசிய தாமஸ், கில்கிறிஸ்ட் முறையால். 1871இல், பிரஷ்யாவின் தலைமையில் ஒன்றான ஜெர்மனி பிரான்ஸிடமிருந்து எடுத்துக்கொண்ட லொரேன் பகுதியின் தாது இந்த வகைதான். எடுத்த நாளில் அதன் பெரும்பகுதி எஃகுக்கு உதவாத கல்.

க்ருப் வேறு பாதையில் வந்தவர். நிறைய மூசைகளில் எஃகை உருக்கி, இடைவெளி விடாமல் ஒரே அச்சில் ஊற்றுவார். ஊற்று நின்றால் வார்ப்பில் மடிப்பு விழும். 1851 லண்டன் கண்காட்சியில் அவர் வைத்த எஃகுக் கட்டி ஏறத்தாழ 2 டன். அவருடைய கல்லாவை நிரப்பியது பற்றவைப்பு இல்லாத ரயில் சக்கர வளையங்கள். பீரங்கிக்குப் பிரஷ்யாவின் முதல் பெரிய ஆர்டர் 1859இல்தான் வந்தது. 1866 போரில் அவருடைய சில பீரங்கிகள் பின்பக்க அடைப்பில் வெடித்தன. அடைப்பின் வடிவம் மாறியது. அந்த அவமானம் நடந்தது 1870க்கு முன்பு என்பது பிரஷ்யாவின் அதிர்ஷ்டம்.

இதெல்லாம் காலனி நாடுகளை எப்படித் தொட்டது?

கருமருந்தில் சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 மரக்கரி, 10 கந்தகம். பிரிட்டனின் வெடியுப்பில் பெரும்பகுதி பீகாரிலிருந்து போனது. என்ஃபீல்டின் கொழுப்பு தடவிய தோட்டாவைக் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்தது 1857க்குத் தீப்பொறியானது எல்லோரும் அறிந்ததே. அதன் பின் நடந்தது அவ்வளவு பேசப்படுவதில்லை: இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858 மாதிரியில் புரியில்லாத குழலை வெட்டிக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் என்ஃபீல்ட். உள்ளே பழைய மஸ்கெட்.

1868 அபிசீனிய (இன்றைய எத்தியோப்பியா) படையெடுப்பில் பிரிட்டிஷ் வீரர்கள் ஸ்னைடர் வைத்திருந்தார்கள். பழைய என்ஃபீல்டின் பின்பகுதியை வெட்டி மூடி வைத்து, உலோகத் தோட்டாவுக்கு மாற்றியது அது. தோட்டாவின் உறையே விரிந்து வாயுவை அடைத்ததால் ரப்பர் தேவைப்படவில்லை. பாதையும் கிணறும் அமைத்தவர்களில் படையின் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்களும் உண்டு. அரோகியில் எத்தியோப்பியர் சுமார் 700 பேர் விழுந்தார்கள், பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர் இருவர். ஆயினும் 1896 மார்ச் 1 அன்று அடுவாவில் அதே நாட்டின் பேரரசர் மெனலிக், விலைக்கு வாங்கிய துப்பாக்கிகளோடும் ஒரு லட்சத்தை நெருங்கும் படையோடும் இத்தாலியை முறியடித்தார்.

போருக்குப் பின் அந்தத் துப்பாக்கிகள் என்ன ஆயின?

பிரான்ஸ் ஷாஸ்போவின் அறையை மாற்றி, 1874இல் உலோகத் தோட்டா போடும் க்ரா துப்பாக்கியாக்கியது. ஜெர்மனி 1871 மாதிரி மௌஸருக்கு மாறியது. ட்ரைசே கிடங்குக்குப் போனது. கைப்பற்றிய ஷாஸ்போக்கள் ஏராளமாகக் கையில் இருந்ததால், அவற்றின் குழலை வெட்டிக் குட்டையாக்கித் தன் குதிரைப்படைக்குக் கொடுத்தது.